எழுத வந்தது, படிக்க வரவில்லை

செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செய்தித்தாளை விரித்த ஹெல்கா தொஸ்ஸவாய்னென் அச்சகத்தில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். வரிகள் கறுப்பாக, ஒழுங்காக, எப்போதும்போல இருந்தன. ஆனால் ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. பாலத்தின் படம் பாலமாகத் தெரிந்தது. அதன் கீழே இருந்த வரி ஏதோ தெரியாத நாட்டு எழுத்தாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைத் திருப்பினாள். பின்பக்கமும் அப்படியே.

முந்தின நாள் சாயங்காலம் முழுக்கத் தலைவலி. வழக்கமாக வரும் ஒற்றைத் தலைவலிதான் என்று மாத்திரை போட்டுக்கொண்டு சீக்கிரமே படுத்திருந்தாள்.

காப்பியை ஊற்றிக்கொண்டே அவள் கணவன் ஆர்வோ கேட்டான். "என்ன போட்டிருக்கான்?"

"எப்பவும் போடறதுதான்" என்றாள் ஹெல்கா. அது அவள் சொன்ன முதல் பொய். அதற்கப்புறம் பொய்கள் தாமாகவே வந்தன.

ஹெல்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஃபின்லாந்தின் ஈசல்மி ஊரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் செவிலி. காலை மாத்திரை கொடுப்பது, கால் வீக்கம் பார்ப்பது, கஞ்சி வைத்துக் கொடுப்பது, நாலு வார்த்தை பேசுவது, காரில் ஏறி அடுத்த வீடு. சின்ன வயதிலிருந்தே புத்தகமும் கையுமாக இருந்தவள் அல்ல அவள். நாற்பதை நெருங்கும்போது சிகரெட்டை விட்டாள். விட்ட கை சும்மா இருக்க மறுத்தது. புகைக்க வேண்டும்போல் வரும்போதெல்லாம் ஒரு பக்கம் படிப்பது என்று வைத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்றபடி ஒரு பக்கம், காரில் ஏறும் முன் ஒரு பக்கம். புகைக்கும் ஆசை போய்விட்டது, பக்கங்கள் தங்கிவிட்டன. அந்தப் பழக்கம் கைநழுவிவிடக் கூடாதே என்றுதான் வலைப்பூ ஒன்றைத் தொடங்கினாள். பெயர் 'ஞாயிறு வாசிப்பு'. அந்த வாரம் முடித்த புத்தகத்தைப் பற்றி ஞாயிறு மதியத்துக்குள் எழுதிப் போட்டுவிட வேண்டும். யாரோ காத்திருக்கிறார்கள் என்றால் படிக்காமல் இருக்க முடியாது என்பது அவள் போட்ட கணக்கு. கணக்கு பலித்தது. பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு ஞாயிறும் தவறவில்லை. மகன் கல்யாணத்தன்றும் காலையில் எழுதிவிட்டுத்தான் அந்தப் பச்சைப் பட்டுக் கவுனை மாட்டினாள் என்று ஆர்வோ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஆர்வோ காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். மனைவியின் வலைப்பூவை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. "நீ பேசறதையே முழுசாக் கேட்டு முடிக்க முடியல, எழுதறதை வேற படிக்கணுமா?" என்பான். அவளும் வற்புறுத்தியதில்லை.

அந்த ஞாயிறும் அவள் கணினி முன் உட்கார்ந்தாள். எழுத வராது என்று பயந்துகொண்டேதான் விரல்களை வைத்தாள். விரல்கள் ஓடின. போன வாரம் முடித்த நாவலைப் பற்றிச் சொல்ல நினைத்ததெல்லாம் தடையில்லாமல் இறங்கியது. அப்பாடா என்று திரையை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன் தானே எழுதியதில் ஒரு சொல்லையும் அவளால் படிக்க முடியவில்லை.

வெளியிடும் பொத்தான் எந்த மூலையில் இருக்கும் என்று கை அறியும். அழுத்தினாள். எழுந்து போய்க் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

அவள் பயந்தது பக்கவாதத்துக்கு அல்ல. கை கால் நன்றாக அசைந்தது, வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. கண்ணாடி முன் நின்று தானே சோதித்துப் பார்த்தாள். அவள் பயந்தது மறதி நோய்க்கு. அது எப்படித் தொடங்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? காப்பி வைக்க மறந்தவர்கள், கடிகாரம் பார்க்க மறந்தவர்கள், மகளின் முகத்தை மறந்தவர்கள் என்று தினமும் அவள் போகும் வீடுகளில் எல்லாம் அதுதான். மருத்துவரிடம் போனால் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் திரும்பி வர வழி கிடையாது. தூக்கமில்லாமல்தான் இப்படி, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சரியாகவில்லை. ஆனாலும் வேலைக்குப் போனாள்.

எண்கள் தப்பித்திருந்தன. வீட்டு எண் தெரிந்தது, மணி தெரிந்தது. யார் வீட்டுக்கு எப்போது என்பதெல்லாம் மனப்பாடம். போய்வந்த விவரத்தைக் கைபேசியில் தட்டி அனுப்ப வேண்டும். அது எழுத்து வேலை, அது வந்தது. முந்தின ஷிப்ட்காரர்கள் எழுதி வைத்த குறிப்பைத்தான் படிக்க முடியவில்லை. அலுவலகத்தில் காப்பி குடிக்கும்போது யாரையாவது பேச்சுக் கொடுத்து வாயைக் கிளறி, நேற்று என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டாள். ஹெல்கா திடீரென்று வம்பு பேச ஆரம்பித்துவிட்டாளே என்று ஒருத்தி கேலிகூடச் செய்தாள்.

இன்னொன்றும் இருந்தது. வலப்பக்கம் வருவதெல்லாம் சட்டென்று முளைத்தது. கதவு நிலையில் வலது தோள் இடித்தது, இடித்தபின்தான் நிலை அங்கே இருப்பது தெரிந்தது. ஒரு நாள் நூலகத்தருகே காரைத் திருப்பும்போது, சாலை காலியாகத்தான் இருந்தது, காலியாக இருந்த அதே இடத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பிரேக்கை மிதித்தாள். சைக்கிளில் இருந்த பெண் வண்டியின் மூக்கில் ஒரு கையை ஊன்றி நின்று, கண்ணாடி வழியாக அவளையே பார்த்தாள். திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். ஹெல்காவின் கால் பிரேக்கிலிருந்து எழ வெகு நேரம் ஆயிற்று. அன்றைக்கே காரை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இன்னும் மெதுவாக ஓட்டினாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு வந்தது. படித்த புத்தகம் இல்லை. எப்போதோ படித்த ஒன்றை நினைவிலிருந்து எழுதிப் போட்டாள். முந்தின பதிவுக்கு வந்திருந்த பின்னூட்டங்களுக்குக் கீழே வரிசையாக ஒரே பதிலைத் தட்டினாள்: மிக்க நன்றி, கேட்க மகிழ்ச்சி, தொடர்ந்து படியுங்கள். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கெட்டதாகப் பேசியதில்லை. என்ன எழுதியிருக்கப் போகிறார்கள், புத்தகம் பிடித்தது, பிடிக்கவில்லை என்பார்கள். மறுநாள் பார்த்தபோது பின்னூட்ட எண்ணிக்கை வழக்கத்தைவிட மூன்று மடங்காக ஏறியிருந்தது. எண்ணைப் படிக்க முடிந்தது. பதிவு ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக மனம் கொஞ்சம் லேசாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமைதான் வெய்க்கோவின் வீட்டில் அது நடந்தது.

வெய்க்கோ ஹூட்டுனென் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பத்தைந்து தாண்டியவர். கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தால் மட்டும்தான் பார்ப்பார், எதிரில் நிற்பவரைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொள்வார். நாக்கு மட்டும் முழுசாக இருந்தது. அதே கட்டடத்தில் மேல்மாடியில் இர்யா என்று ஒரு பாட்டி. இருவருக்கும் மருந்துக்கடையிலிருந்து சின்னச் சின்ன உறைகளாகப் பிரித்து, பெயரும் நேரமும் அச்சடித்து, சுருளாக மருந்து வரும். இருவருடைய சுருளும் அன்று ஹெல்காவின் பையில் இருந்தன. தனித்தனி அறையில் வைத்ததாகத்தான் நினைவு. வெய்க்கோவின் உறையைக் கிழித்துக் கொடுத்தாள். உறையில் எட்டு மணி என்று இருந்தது. எட்டு மணிதான்.

வெய்க்கோ மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார். மறு கையில் தண்ணீர்.

"பொண்ணே, இதுல ஒண்ணு நீளமா இருக்கே. என்னோடது எல்லாம் உருண்டை."

"கம்பெனி மாத்தியிருப்பாங்க" என்றாள் ஹெல்கா. இதுவும் தானாகத்தான் வந்தது. சில நேரம் அப்படி மாற்றுவதும் உண்டு.

"மாத்தியிருப்பாங்க" என்று ஒப்புக்கொண்டு அவர் கையை வாயருகே கொண்டுபோனார். நிறுத்தினார். "எதுக்கும் அந்த உறையில என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை படிச்சுக் காட்டு. எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. உனக்கு நல்லா இருக்கில்ல?"

ஹெல்கா உறையை எடுத்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முதல் எழுத்து ஒரு குச்சியா, வளைவா? வெய்க்கோவின் பெயர் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். எழுத வந்தது. கையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வரவில்லை. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெய்க்கோ தலையைத் திருப்பி, ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தபடி, உள்ளங்கையை ஏந்தியே காத்திருந்தார். அந்த அறையில் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

"என்ன பொண்ணே, கதைப் புத்தகமா எழுதியிருக்கான் அதுல?"

"வாயில போடாதீங்க" என்றாள் ஹெல்கா. அவர் கையிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

சமையலறையில் நின்று மேலாளர் மெர்விக்குப் போன் செய்தாள். வேறு யாரையாவது உடனே அனுப்பும்படி சொன்னாள். மெர்வி காரணம் கேட்டாள்.

"எனக்குப் படிக்க வரல."

"கண்ணாடி மறந்துட்டியா?"

"இல்ல மெர்வி. எழுத்து தெரியுது, படிக்கத்தான் வரல. ரெண்டு வாரமா வரல."

மெர்வி மிக மெதுவாக, காரை எங்கே நிறுத்தியிருக்கிறாள், சாவி எங்கே என்று கேட்டாள். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொன்னாள். யாராவது வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்றாள்.

குவோப்பியோ நகர ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் பின்புறம் இடப்பக்கம் ஒரு சின்ன ரத்தக் கட்டி அடைத்திருந்தது. மருத்துவர் இளம்பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள்: கண் பார்க்கிறது, எழுத்தை அறியும் இடம் அப்படியே இருக்கிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதைதான் போய்விட்டது. அதனால்தான் எழுத வருகிறது, படிக்க வரவில்லை. வலப்பக்கப் பார்வையும் அதே அடியில் போயிற்று. மறதி நோய் இல்லை. அன்றைக்கே வந்திருந்தால் செய்யக்கூடியது ஏதாவது இருந்திருக்கலாம் என்பதையும் சொன்னாள். ஹெல்கா கேட்டதால்தான் சொன்னாள். இனி கார் ஓட்டக் கூடாது.

மறதி நோய் இல்லை என்றதும் அவளுக்கு அழுகை வந்தது. ஆர்வோ அழவில்லை. வீட்டுக்கு அவன்தான் வண்டி ஓட்டினான். வழியில் லாப்பின்லாத்தி ஊரைத் தாண்டியபிறகுதான் பேசினான்.

"தினம் காலையில எதிர்ல உக்காந்து பேப்பரைப் புரட்டினே. நானும் என்ன போட்டிருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். என்னை என்னன்னு நெனச்சே?"

"உன்னை ஒண்ணும் நெனக்கல. என்னைத்தான் நெனச்சேன்."

"அந்தக் கெழவர் முழுங்கியிருந்தா?"

அந்த நீள மாத்திரை இர்யாவின் ரத்த அழுத்த மருந்து என்றும், வெய்க்கோவின் இதயத்துக்கு அது ஆகாது என்றும் மெர்வி போனில் சொல்லியிருந்தாள். விசாரணை நடக்கும் என்றும் சொல்லியிருந்தாள்.

விசாரணை நடந்தது, எச்சரிக்கை வந்தது. நோயால் வந்த குழப்பம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மறைத்ததை மன்னிக்கவில்லை. மருந்து கொடுக்கும் வேலைக்கு அவள் இனித் திரும்ப முடியாது. கூட வேலை பார்த்தவர்களில் சிலர் பூ அனுப்பினார்கள். சிலர் கடையில் பார்த்தால் உறைபனிப் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், ஒரு மதியம், பின்னூட்டங்களைப் படித்துக் காட்டும்படி ஆர்வோவிடம் கேட்டாள். அவன் கணினி முன் உட்கார்ந்தான். வெகு நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். பிறகு படிக்கத் தொடங்கினான். ஒவ்வொரு சொல்லையும் உடைத்து, பாதியில் நின்று, திரும்ப முதலிலிருந்து தொடங்கி, விரலைத் திரையில் வைத்து நகர்த்திப் படித்தான். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள், அவன் வாய்விட்டுப் படித்து அன்றுதான் கேட்டாள். அவன் வலைப்பூவைப் படிக்காததற்கு வேறொரு காரணம் இருந்திருக்கிறது. அவன் கழுத்து சிவந்திருந்தது.

"கைசு... எழுதியிருக்கா" என்றான். கைசு ஓவுலு நகரத்துக்காரி. நேரில் பார்த்ததில்லை, ஆனால் தொடக்கத்திலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் வருகிறவள். "இந்த வாரம்... நான் எதுவும்... படிக்கல. என் தம்பி... படகோட... ஏரியில போயிட்டான். இன்னும்... கெடைக்கல. வேற... எங்கயும் சொல்ல... தோணல, இங்க சொல்றேன்."

அவன் நிறுத்தினான்.

"கீழே படி" என்றாள் ஹெல்கா.

"வேண்டாம்."

"படி ஆர்வோ."

"மிக்க நன்றி. கேட்க மகிழ்ச்சி. தொடர்ந்து படியுங்கள்." இதை மட்டும் அவன் தடங்கலில்லாமல் படித்தான். அதற்குக் கீழே கைசு ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அப்புறம் மற்றவர்கள் வந்திருந்தார்கள். கல் நெஞ்சுக்காரி என்று ஒருவர், இவளையா இத்தனை வருஷம் படித்தோம் என்று இன்னொருவர், குடித்துவிட்டு எழுதினாளோ என்று மூன்றாமவர். ஏறியிருந்த எண்ணிக்கை அத்தனையும் அதுதான்.

அன்றே ஹெல்கா எழுதினாள். நடந்தது எல்லாவற்றையும், சைக்கிள், வெய்க்கோ, பொய்கள் உட்பட. தனக்கு இரக்கம் வேண்டாம், கைசுவிடம் மன்னிப்புதான் கேட்கிறேன் என்று எழுதினாள். ஆர்வோ அதை உரக்கப் படித்துக் காட்டினான், பாதி மாலை ஆயிற்று. இரண்டு இடத்தில் ஒரே வரி இரண்டு தடவை வந்திருந்தது. சரிசெய்து வெளியிட்டார்கள். பலர் பதில் எழுதினார்கள். கைசு எழுதவில்லை.

ஏரி உறைந்தது. மருத்துவமனையில் ஒரு பயிற்சியாளர் வழி காட்டினாள்: எழுத்தைக் கண்ணால் பிடிக்க முடியாவிட்டால் விரலால் பிடிக்கலாம், எழுத வந்த கைக்கு எழுத்து தெரியும். காலைக் காப்பிக்குப் பிறகு ஹெல்கா புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சுட்டுவிரலால் தொடையில் வரைவாள். வரைந்து முடித்ததும் அது என்ன என்று கை சொல்லும். இப்படி ஒரு சொல். ஃபின்னிஷ் மொழிச் சொற்களோ சரக்கு ரயில் மாதிரி நீண்டுகொண்டே போகும். கடைசிப் பெட்டி வருவதற்குள் இஞ்சின் மறந்துவிடும். திரும்ப முதலிலிருந்து. முதல் நாள் ஒரு வரிக்கே வியர்த்து, தலை சுற்றி, புத்தகத்தை அடுப்பு மேல் எறிந்தாள். மறுநாள் அதை எடுத்துத் துடைத்து அதே வரியிலிருந்து தொடங்கினாள். முன்பு சிகரெட்டுக்குப் பதில் பிடித்த பழக்கத்தில் இன்பம் இருந்தது. இதில் அது இல்லை. இருந்தாலும் காப்பி முடிந்ததும் கை புத்தகத்துக்குப் போயிற்று.

ஒலிப்புத்தகம் கேட்கலாமே என்று மகன் சொன்னான். கேட்டாள், அதுவும் பிடித்திருந்தது. ஆனால் வலைப்பூவில் கண்ணும் விரலுமாகப் படித்ததை மட்டும்தான் எழுதுவது என்று வைத்துக்கொண்டாள். ஞாயிறு தவறவில்லை. "இந்த வாரம் பதினேழாம் பக்கத்தின் முதல் பத்தி" என்று பதிவுகள் வந்தன. அந்தப் பத்தியில் ஒரு கிழவன் மீன் சுத்தம் செய்வான், அதைப் பற்றி அவள் இரண்டு பக்கம் எழுதினாள். முன்பு அவ்வளவு நுணுக்கமாக எதையும் பார்த்ததில்லை என்று பழைய வாசகர் ஒருவர் சொன்னார். ஹெல்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை, முன்பு முழு நாவல் படித்தேன், அதுதான் மேல் என்று பதில் போட்டாள்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆர்வோ திரையைப் பார்த்துவிட்டுக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கைசு எழுதியிருக்கா. படிக்கவா?"

"தொடாதே. நான் படிக்கிறேன்."

"ரொம்ப நேரமாகும்."

"ஆகட்டும்."

முதல் சொல் 'நான்'. இரண்டாவது சொல் நீளமாக இருந்தது. வரைந்தாள், தொலைத்தாள், திரும்ப வரைந்தாள். 'இன்னும்' வந்தது. அடுத்ததில் பாதி எழுத்து சேர்ந்ததும் அது கோபம் என்று தெரிந்துவிட்டது. விரல் நின்றது. ஆர்வோ எழுந்து ஜன்னலருகே போய், வெளியே பார்க்க ஒன்றும் இல்லாத முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் படித்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அவன் முதுகைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி விரலைத் தொடையில் வைத்தாள்.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். தம்பி நவம்பரில் கிடைத்தான். நீங்கள் எழுதுவதைப் படிக்கிறேன். மீன் கிழவன் அடுத்த பத்தியில் என்ன செய்கிறான்?

முடித்தபோது காப்பி ஆறி, சூப்புக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றியிருந்தது. "என்ன போட்டிருக்கா?" என்று ஆர்வோ கேட்டான். ஹெல்கா ஒரு சொல் விடாமல் சொன்னாள். அடுத்த பத்தியை அவள் இன்னும் படித்திருக்கவில்லை. அதையே பதிலாக எழுதினாள்: தெரியாது, இந்த வாரம்தான் தொடங்கப் போகிறேன்.

கோடையிலிருந்து ஹெல்கா முதியோர் பகல் மையத்தில் வேலை பார்க்கிறாள். மருந்து அலமாரிப் பக்கம் அவள் போவதில்லை. பேருந்தில் போய்வருகிறாள், இறங்கும்போது வலப்பக்கம் முழுத் தலையையும் திருப்பிப் பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் ஆர்வோ பதிவை உரக்கப் படித்துப் பிழை பார்க்கிறான். அவனும் கொஞ்சம் வேகம் பிடித்திருக்கிறான். நடுவில் நிறுத்தி, இந்த வாக்கியம் தேவையில்லை என்கிறான். அதைப் பற்றி இருவருக்கும் ஒவ்வொரு வாரமும் சண்டை வருகிறது.